பூக்கொடிகளைக் கத்தரித்தல்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரரின் வீட்டு முற்றத்தில் ஒரு பூக்கொடியேனும் இல்லாதிருத்தல் அரிது. கிணற்றடியில் ஒரு மல்லிகை, படலையோரத்தில் ஒரு கடதாசிப்பூ, விறாந்தை வளையிலே தொங்கும் சாடியில் வேறொரு கொடி என இவை வீட்டோடு வீடாக வளர்கின்றன. பணப்பயிர் என்று இவற்றை எவரும் கணக்கிற் கொள்வதில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் மங்கல காரியங்களுக்கும் பூ இவற்றிலிருந்தே கிடைக்கிறது. கோவிலுக்கு அண்மையிலுள்ள ஊர்களில், நாலைந்து மல்லிகைச் செடிகளின் மொட்டைக் கட்டி விற்று வீட்டுப் பெண்கள் தங்கள் கைச்செலவைச் சமாளிப்பதும் உண்டு.

இக்கொடிகளுக்கு நேரும் கேடு பெரும்பாலும் பூச்சியினாலோ நோயினாலோ வருவதன்று. வெட்டாமல் விடுவதாலும், வெட்டத்தகாத வேளையில் வெட்டுவதாலுமே வருகிறது. வளர்த்த கொடியிற் கத்தி வைக்க மனம் வராமல் ஆண்டுக்கணக்காக விட்டுவிடுவோர் ஒரு சாரார். அவர்களுடைய மல்லிகை அடியில் விறகாகவும் உச்சியில் இலைப் புதராகவும் நின்று, எட்டாத உயரத்தில் நாலு பூக்களைக் காட்டும். சித்திரைப் புத்தாண்டு வருகிறதென்று பங்குனிக் கடைசியில் வேலியை வெட்டும் அதே கத்தியால் முற்றத்துக் கொடியையும் மட்டமாக வெட்டிவிடுவோர் மற்றொரு சாரார். மல்லிகை மொட்டுக் கட்டும் காலம் அதுவே. வீடு துப்புரவாகத் தோன்றும். அவ்வாண்டின் முதற் பூவெல்லாம் குப்பைமேட்டிற் கிடக்கும். ஆகவே, கத்தியை எடுக்குமுன் அறியவேண்டியது ஒன்றே: அந்தக் கொடி எந்தத் தண்டிற் பூக்கிறது என்பது.

நுனியை நீக்கினால் நிகழ்வது யாது?

ஒரு தண்டின் உச்சியில் ஓர் அரும்பும், ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒவ்வோர் அரும்பும் உண்டு. உச்சி அரும்பு வளர்ந்து கொண்டிருக்கும் வரை கக்க அரும்புகளிற் பெரும்பாலானவை உறங்கிக் கிடக்கும். உச்சியை நீக்கியவுடன் அவற்றுள் மேலேயுள்ள இரண்டு மூன்று விழித்துக் கிளைகளாகின்றன. சுரையின் நுனியைக் கிள்ளும் கமக்காரர் இதனை நன்கறிவர். சுரையின் தலைக்கொடியில் ஆண்பூவே மிகுதி. பிஞ்சு பிடிக்கும் பெண்பூ பக்கக் கிளைகளிலேயே கூடுதலாகத் தோன்றுதலால், நுனி கிள்ளுதல் காயைப் பெருக்குகிறது.

உச்சியிலிருந்து ஒட்சின் என்னும் ஓமோன் கீழிறங்கிக் கக்க அரும்புகளை அடக்குகிறதென்பதை அமெரிக்காவில் திமான், ஸ்கூக் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1933ஆம் ஆண்டளவில் அவரையினச் செடியொன்றிற் காட்டினர். உச்சி வெட்டப்பட்ட இடத்தில் ஒட்சினை வைத்தபோது, உச்சி இருந்தாற்போலவே பக்க அரும்புகள் அடங்கிக் கிடந்தன. நெடுங்காலம் இவ்விளக்கமே போதுமெனக் கருதப்பட்டது. பட்டாணிச் செடியில் நடத்தப்பெற்று 2014ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று வேறொன்றையும் வெளிப்படுத்தியது. உச்சி வெட்டப்பட்டதும், அது இழுத்துக்கொண்டிருந்த வெல்லம் பக்க அரும்புகளுக்குத் திரும்புகிறது. அவ்வெல்லமே அவற்றை முதலில் எழுப்புகிறது.

இது ஆய்வுகூடத்துச் செய்தியெனத் தள்ளத்தக்கதன்று. அரும்பு எழுவதற்கு வெல்லம் வேண்டுமானால், அந்த வெல்லத்தை ஆக்கும் இலையோ, சேமித்து வைத்த தண்டும் வேருமோ செடியில் இருத்தல் வேண்டும். சேமிப்புள்ள, திடமான செடி ஆழ்ந்த வெட்டையும் தாங்கித் துளிர்க்கும். இலை மஞ்சளித்து, வறட்சியில் வாடி, வேர் நலிந்து நிற்கும் செடியை மொட்டையாக வெட்டினால் அது எழமாட்டாது. “செடி சரியில்லை, வெட்டிவிட்டால் தளிர்க்கும்” என்னும் எண்ணத்தாற் பட்டுப்போன கொடிகள் பல. முதலில் நீரும் எருவும் இட்டுத் தேற்றி, பச்சை திரும்பிய பின்னரே வெட்டுதல் வேண்டும்.

வெட்டாமலே கிளைக்கச் செய்யும் வழியொன்றும் கொடிகளுக்கு உண்டு. நெட்டாக ஏறும் தண்டைப் பந்தலின் மீதோ கம்பியின் மீதோ கிடையாகச் சாய்த்துக் கட்டினால், அதன் மேற்புறத்துக் கணுக்களிலிருந்து தளிர்கள் வரிசையாக எழும். ஆண்டு முழுவதும் நேரே ஏறவிட்டுப் பின்னர் வெட்டுவதிலும், இளந்தண்டைக் காலத்தோடு சாய்த்துக் கட்டுதல் நன்று.

மல்லிகை

மல்லிகையின் பூங்கொத்து புதுத்தளிரின் நுனியில் தோன்றும். பெரும்பாலும் ஒரு கொத்தில் மூன்று மொட்டுகள். முற்றிய தண்டு புதுத்தளிரை ஈனலாமேயன்றித் தானே பூப்பதில்லை. எனவே, எத்தனை புதுநுனிகளோ அத்தனை பூங்கொத்துகள். மல்லிகையை ஆழமாக வெட்டலாம் என்பதற்கும், மொட்டுக் கட்டும் வேளையில் அதனைத் தொடலாகாது என்பதற்கும் காரணம் இதுவொன்றே.

தமிழ்நாட்டில் மல்லிகையை நவம்பர்க் கடைசியிலும், பிச்சியை டிசம்பர்க் கடைசியிலும், முல்லையைச் சனவரியிலும் கத்தரிப்பது முறை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கார்த்திகை மாதத்தில் மாரி மழை உச்சத்தில் நிற்கும். அப்பொழுது வெட்டினால் வெட்டுவாய் ஈரத்தில் ஊறிப் பங்கசு பற்றித் தண்டு மேலிருந்து காய்ந்து வரும். ஆகவே மழை தணிந்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் கண்டபின், மார்கழிக் கடைசியிலோ தை முற்பகுதியிலோ வெட்டுதல் பொருந்தும். காலபோக நெல் கதிர் முற்றிக்கொண்டிருக்கும் அந்நாட்களில் வீட்டில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குதல் கடினமன்று. மழை ஆண்டு முழுவதும் பரந்து பெய்யும் இடங்களில் மாதத்தைப் பாராது, ஒரு பூப்பு முடிந்து மழை ஓய்ந்த வேளையைப் பார்த்தல் வேண்டும்.

வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நீரைக் குறைக்கவேண்டும். பின்னர்ச் செடியைச் சுற்றி நின்று பார்த்து, பட்ட தண்டு, நோயுற்ற தண்டு, ஒன்றோடொன்று உரசும் தண்டு ஆகியவற்றை அடியோடு நீக்கவேண்டும். எஞ்சியவற்றை நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் வெட்டவேண்டும். இது நிலத்தில் நின்று நன்கு முற்றிய செடிக்குரிய அளவு. சாடியில் வளரும் மல்லிகைக்கு வேர் குறைவாதலால் மூன்றிலொரு பங்கை நீக்கினாற் போதும். பந்தலில் ஏற்றிய கொடியாயின் தலைத்தண்டுகளை விட்டு, அவற்றினின்று எழுந்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணுக்கள் விட்டுக் குறைக்கலாம். பல ஆண்டுகள் வெட்டப்படாத பழஞ்செடியை ஒரே முறையில் இளமையாக்க முயலுதல் தவறு. மிக முற்றிய தண்டுகளில் மூன்றிலொன்றை இவ்வாண்டு அடியில் வெட்டி, அடுத்தடுத்த ஆண்டுகளில் எஞ்சியவற்றை நீக்குதல் பாதுகாப்பானது.

வெட்டு ஒவ்வொன்றும் ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக அமையவேண்டும். கணுவை ஒட்டி வெட்டினால் அரும்பு காயும். மிக உயரத்தில் வெட்டினால் மேலேயுள்ள துண்டு பட்டு, அப்பட்ட தன்மை கீழே இறங்கும். வேலிக்கத்தி தண்டை நசுக்குமாதலால் கூரிய கத்தரிக்கோலே ஏற்றது. நோயுற்ற செடியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமுன் கத்தரிக்கோலின் அலகை ஸ்பிரிற்றுத் தோய்ந்த துணியால் துடைப்பதில் அரை நிமிடங்கூடச் செல்லாது. சோம்பலால் விடப்படுவதும் இதுவே.

வெட்டிய பின்னர் வளர்ந்த செடியொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் உக்கிய எருவைத் தண்டைத் தொடாமற் சுற்றிவர இட்டு, மண்ணைக் கொத்திக் கலந்து, நீர் பாய்ச்சவேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தளிர் எழும். தளிரைக் கண்ட மகிழ்ச்சியில் யூரியாவை அள்ளி இடுதல் கூடாது. நைதரசன் மிகுந்த நெல் எவ்வாறு தழைத்துச் சாய்ந்து பதராகிறதோ, அவ்வாறே மல்லிகையும் இலையாகத் தழைத்துப் பூவைக் குறைக்கும். பொசுபரசும் பொற்றாசியமும் நைதரசனோடு சேர்ந்து கிடைத்தாற்றான் நுனிகள் மொட்டாகத் திரும்பும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மண்ணில் ஒரு தனித் தொல்லை உண்டு. மல்லிகையின் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு மிகுதியால் வேர் அதனை உறிஞ்ச இயலாமையே இதற்குக் காரணம். இதனைக் கத்தரித்து மாற்ற முடியாது. வெட்டிய பின் வரும் தளிரும் அதே மஞ்சளாகவே வரும். ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் பெரசு சல்பேற்றைக் கரைத்து, மாலை வேளையில் இலைகளின் மீது தெளித்து, தளிர் பச்சையாகும் வரை இரண்டு வாரத்துக்கொருமுறை திருப்பிச் செய்யலாம். உக்கிய எருவை ஆண்டுதோறும் இடும் செடிகளில் இக்குறை தணிந்திருக்கும்.

மொட்டைத் துளைத்து உள்ளே தின்னும் மொட்டுப்புழு கண்ட செடியாயின், வெட்டிய குப்பையைச் செடியடியிற் போட்டு வைத்தலாகாது. அதனை அப்புறப்படுத்தி எரிக்கவேண்டும். ஊதா நிறம் ஏறிய மொட்டுகளையும் உடன் கிள்ளி அழிக்கவேண்டும்.

பூப்புக் காலத்திலும் சிறு கத்தரிப்பு உண்டு. ஒரு கொத்தின் மொட்டெல்லாம் பறிக்கப்பட்டதும் அந்நுனியை ஒரு கணு கீழே கிள்ளிவிட்டால், அடுத்த கணுவிலிருந்து புதிய நுனிகள் எழும். மொட்டுப் பறிக்கும் கையே இதனையும் செய்துவிடும்.

கடதாசிப்பூ, அலமண்டா

கடதாசிப்பூ எனப்படும் போகன்விலாவும் புதுத்தண்டிலேயே பூக்கும். நிறமாகத் தோன்றுவது பூவன்று, பூவடியிலை. அதனுள்ளே மெல்லிய குழாய்போல் நிற்பவையே பூக்கள். ஒரு பூப்பு முடிந்து நிறம் மங்கியதும், பூத்த தண்டுகளைப் பாதியளவு குறைத்தால் அடுத்த பூப்பு அவற்றினின்று வரும். அடியிலிருந்து விரைந்து நிமிரும், முள் மிகுந்த, பூவற்ற தடித்தண்டுகளை இளமையிலேயே நீக்கவேண்டும் அல்லது சாய்த்துக் கட்டவேண்டும். இக்கொடிக்கு வஞ்சகமில்லாமல் நீர் வார்ப்பதே பலர் செய்யும் பிழை. ஈரம் ஓயாதிருக்கும் வரை இலையையே வளர்க்கும். சற்று வாடவிட்டால் நிறம் காட்டும். விறாந்தை நிழலில் நிற்கும் கடதாசிப்பூவை எப்படிக் கத்தரித்தும் பயனில்லை. அதனை வெயிலுக்கு நகர்த்துதலே மருந்து.

மஞ்சட் புனல்போற் பூக்கும் அலமண்டாவையும், மாலையில் வெள்ளையாக மலர்ந்து பின் சிவக்கும் இரங்கூன் மல்லியையும் இவ்வாறே பூப்பு ஓய்ந்தபின் குறைக்கலாம். அலமண்டாவின் பால் நச்சுடையது; தோலிற் பட்டால் எரிச்சலும் தரும். கையுறை அல்லது துணி சுற்றிய கையோடு வெட்டி, பின்னர்ச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். வெட்டிய துண்டுகளை ஆடு மாடுகள் தின்னும் இடத்தில் எறிதலாகாது.

வெட்டக் கூடாத காம்பு

மேற்கூறிய முறைகளை அப்படியே எல்லாக் கொடிகளுக்கும் பொருத்தினால் தவறு நேரும் என்பதற்கு ஹோயாக் கொடி நல்ல எடுத்துக்காட்டு. தடித்த இலையும், மெழுகில் வார்த்தாற்போன்ற நட்சத்திரப் பூக்கொத்தும் உடைய இக்கொடி, சாடியிற் தொங்கவிட்டு வளர்க்கப்படுகிறது. பூ உதிர்ந்தபின் அதன் காம்பு சிறு கட்டைபோல் எஞ்சி நிற்கும். காய்ந்த மிச்சமென்று எண்ணி அதனைக் கிள்ளி எறிவோர் பலர். ஆனால் அடுத்த முறையும் பூ அதே காம்பின் நுனியிலேயே தோன்றும்; ஒவ்வொரு பூப்போடும் காம்பு சிறிது நீளும். அதனைக் கிள்ளியவர் வருங்காலப் பூக்களையும் சேர்த்தே கிள்ளியவராவார். கொடி புதுக் காம்பு விட நெடுநாட் செல்லும்.

ஹோயா சில வேளை இலையின்றி ஈர்க்குப்போல் நீண்ட தண்டுகளை விடும். இவை பட்டவையல்ல, பற்றுக்கோல் தேடிச் செல்பவை, இலை பின்னர் வரும். ஆகவே இக்கொடியில் பட்ட தண்டையும், எல்லை கடந்து நீண்டு இடைஞ்சல் தரும் தண்டையும் மட்டுமே நீக்கவேண்டும். அவ்வாறு வெட்டும்போதும் காம்புள்ள கணுக்களைத் தவிர்த்து வெட்டவேண்டும். வெட்டுவாயில் வடியும் பால் தானே உறைந்து நிற்கும்.

புதிதாகக் கிடைத்த, பெயரறியாத கொடியாயின் ஒரு பூப்புக் காலம் வரை பொறுத்திருந்து பார்த்தல் நன்று. பூ இளந்தளிரின் நுனியில் வந்தால் மல்லிகையைப் போலவும், பழந்தண்டின் குறுங்காம்பில் வந்தால் ஹோயாவைப் போலவும் அதனை நடத்தலாம்.

தொங்குசாடிகள்

தொங்குசாடியிற் படரும் கொடிகளில், சில மாதங்களுக்குப் பின் தலைப்பகுதி மொட்டையாகவும் கீழே தொங்கும் நுனிகளில் மட்டும் இலையும் பூவுமாகவும் காணப்படும். நுனிகளை மட்டும் மட்டமாகக் கத்தரிப்பதால் மொட்டை மாறாது. நாலைந்து தண்டுகளுள் ஒன்றிரண்டைச் சாடியின் விளிம்புக்கு மேலேயே, இரண்டு கணுக்கள் மட்டும் விட்டு வெட்டவேண்டும். அவை துளிர்த்தபின் மற்றவற்றை வெட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் சாடியில் இலையே இராது. இலையில்லாச் செடி நீரை உறிஞ்சாதாதலால், வழக்கம்போல் வார்க்கும் நீரில் வேர் அழுகும். வெட்டிய சாடிக்கு நீரைக் குறைத்தே வார்க்கவேண்டும். நீண்ட தண்டொன்றைச் சுருட்டிச் சாடி மண்ணின் மீது படியவைத்து, வளைத்த ஈர்க்கினாற் குத்தி நிறுத்தினால், பல கொடிகள் கணுக்களில் வேரூன்றி மொட்டை இடத்தை நிரப்பிவிடும்.

சாடியின் கீழே வைக்கும் தட்டு பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. அதிலே தேங்கும் நீர் டெங்கு நுளம்பு முட்டையிடுதற்கு ஏற்ற இடம். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். அந்நுளம்பின் முட்டை நீர் வற்றிய தட்டின் சுவரில் மாதக்கணக்காக உயிரோடு ஒட்டிக்கிடக்குமாதலால், நீரை ஊற்றிவிட்டாற் போதாது. வாரத்துக்கொருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும். தட்டில் மணலை நிரப்பி வைப்பது இன்னும் எளிது.

வெட்டிய தண்டுகள்

தையில் வெட்டிய மல்லிகைத் தண்டுகளுள் மிக இளையதும் மிக முற்றியதும் அல்லாதவற்றைத் தெரிந்து, மூன்று நான்கு கணுக்கள் அமைய ஆறு முதல் எட்டு அங்குல நீளத்துக்கு நறுக்கலாம். கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழேயும், மேல் வெட்டு கணுவுக்குச் சற்று மேலேயும் இருத்தல் வேண்டும். மேலேயுள்ள இரண்டு இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டு, ஏனையவற்றை நீக்கி, மணலும் உக்கிய தும்புத்தூளும் கலந்த பாத்தியிலோ சாடியிலோ இரண்டு கணுக்கள் புதைய நடவேண்டும். தலைகீழாக நட்டுவிடாதிருக்க, வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேற்பக்கத்தை மட்டமாகவும் வெட்டிக்கொள்ளுதல் பழகியோர் கையாளும் வழி. ஹோயாவின் தனி இலையை நட்டால் அது வேர் விட்டு ஆண்டுக்கணக்கிற் பச்சையாக நிற்கக்கூடும். கணு இல்லையேற் கொடியாகாது.

கிடுகு நிழலில் வைத்து, மண் காயாமலும் சேறாகாமலும் நீர் தெளித்து வந்தால், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நன்கு வேர் பிடிக்கும். வேர் பிடித்ததா என்று பார்ப்பதற்காகத் தண்டை இழுத்துப் பார்த்தல் வேண்டியதில்லை. புதிதாக இரண்டு சோடி இலை வந்தால் வேர் வந்தது என்பது தெளிவு. தையில் நட்டவை பங்குனியில் அந்நிலையை அடையும். எனினும் உடனே முற்றத்தில் நட்டால் சித்திரை வெயிலும், அதன்பின் சோளகக் காற்றும் அவற்றை வாட்டும். ஒவ்வொன்றையும் சிறு சாடிக்கு மாற்றி, ஓரடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, ஐப்பசியில் முதல் மழை விழும்வரை நிழலோரத்தில் வைத்திருந்து, பின்னர் நிலத்தில் நடலாம்.